டைவிங் போகிறவர்களுக்கு வரும் டிகம்ப்ரஷன் நோய் இரத்தக்குழாய்களை என்ன செய்யும்? குமிழி கரைந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

தம்பி, அந்தமானில் ஸ்கூபா பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியிருக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. தூத்துக்குடியில் பதினாறு வருஷம் சங்கு குளித்தவன். இப்போது என் வலது இடுப்பில் இருப்பது உலோக மூட்டு. அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கண்டவரிடமெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

ஆழத்தில் அழுத்தத்தால் உடம்புக்குள் கரைகிற நைட்ரஜன், வேகமாக மேலே ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாகிவிடும், அதுதான் இந்த நோய். அந்தக் கதையை எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அதை விடுங்கள். குமிழி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி.

என் தாத்தா 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர். ஒரு மூச்சு, அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சில் உடம்புக்குள் ஏறுகிற நைட்ரஜன் கொஞ்சம். அவருக்குக் காதுதான் போனது, மூட்டுகள் நன்றாகவே இருந்தன. எங்கள் காலத்தில் கம்ப்ரசர் வந்துவிட்டது. தோணியில் இன்ஜின் ஓடும், நீளமான டியூப் வழியாகக் காற்று வாய்க்கு வரும். 12 பாகம், அதாவது சுமார் 22 மீட்டர் ஆழத்தில் முக்கால் மணி நேரம் மண்ணைத் துழாவிவிட்டு வருவோம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அங்கே மேலே இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமான அழுத்தம். (கம்ப்ரசர் வைத்துக் குளித்ததே தப்பு என்று எழுத வருகிறவர்களுக்கு: சரி, தப்புதான். வயிற்றுக்காகச் செய்தது, பெருமைக்காக இல்லை.)

ஒரு நாள் டியூப் மடங்கிக் காற்று நின்றுவிட்டது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் அரை நிமிடத்துக்குள் மேலே வந்து விழுந்தேன். ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் தோளுக்குள் யாரோ திருகாணி முடுக்குவதுபோல வலி. வயிற்றுத் தோலில் பூச்சி ஊர்வதுபோல அரிப்பு. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், பளிங்குக் கல்லில் இருக்குமே, அந்த மாதிரி நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஏலே, திரும்ப இறங்குலே. வலி கீழயே கழன்டு போயிரும்" என்றார் தோணிக்காரர் சம்மாட்டி. இறங்கினேன், வலி போனது. ஏறினேன், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அழுத்தத்தில் குமிழி சுருங்கும், அதனால்தான் போனது. ஆனால் சாதாரணக் காற்றோடு மறுபடி இறங்கினால் இன்னும் நைட்ரஜன்தான் ஏறும். இதை யாரும் செய்யாதீர்கள்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். இரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். குழாய் எப்போது விரிய வேண்டும், இரத்தம் எங்கே உறையக்கூடாது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதுதான். குமிழி அதை உரசிக்கொண்டு போகிறது. உரசின இடத்தில் வீக்கம், வெள்ளணுக்கள் வந்து ஒட்டுகின்றன. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குமிழியை வெளியாள் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு உறைகின்றன. சுவர் கசிந்து இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே போக, உள்ளே இரத்தம் கெட்டியாகிறது. எங்கள் பழைய ரப்பர் டியூப் ஞாபகம் வருகிறது. உள்பக்கம் உரிந்து, கடைசி நாட்களில் வாயில் கறுப்புத் துணுக்குகள் வரும். காற்று வந்துகொண்டுதான் இருந்தது. டியூப் போய்விட்டது.

பெரும்பாலும் குமிழிகள் சிரைகளில்தான் இருக்கும், நுரையீரல் வடிகட்டிவிடும். ஆனால் நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே இருக்கும் சின்ன வழி மூடாமலே இருக்கும். அதன் வழியாகத் தமனிக்குத் தாண்டினால் மூளை வரை போகலாம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகளில் அடைத்தால் கால் விழுந்துவிடும். எங்கள் தெருவிலேயே அப்படிச் சக்கர நாற்காலியில் இருக்கிறவர் உண்டு.

எனக்கு எலும்பு. எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், கொழுப்பு தண்ணீரைவிட ஐந்து மடங்கு நைட்ரஜனை வாங்கி வைத்துக்கொள்ளும். தொடை எலும்பின் பந்துக்குப் போகிற குழாய்களோ நூல் மாதிரி. வருஷக்கணக்கில் அவை அடைபட்டு, இரத்தம் போகாமல் எலும்பு செத்து, தொழிலை விட்டு ஏழு வருஷம் கழித்து நொண்ட ஆரம்பித்தேன். ஒரு டாக்டர் ஸ்கேனை விளக்கில் மாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதில்ல சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

பஸ்ஸில் வீடு வரும்வரை என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். டாக்டரைக் குறை சொல்லவில்லை. குடியும் ஸ்டீராய்டும்தான் இப்படி எலும்பு சாவதற்கு வழக்கமான காரணங்கள், எனக்கும் தெரியும். ஆனால் கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு "என்ன வேலை பார்த்தீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1908-லேயே ஹால்டேன் என்கிற விஞ்ஞானி ஆடுகளை, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மூடிய அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக ஏறுவதற்கு அட்டவணை போட்டுவிட்டார். தொண்ணூறுகளில்கூட அது எங்கள் தோணிக்கு வந்து சேரவில்லை.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: குமிழி கரையும், உரசல் உடனே ஆறாது. மேலே வந்து வலி, மரப்பு, தோல் திட்டு எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். நூறு சதவீத ஆக்சிஜன், பிறகு அழுத்த அறை. அது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பயிற்சியாளரிடம் கேளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கடைசியாக இறங்கின மறுநாள் காலையிலேயே விமானம் ஏறாதீர்கள், 24 மணி நேரமாவது விடுங்கள்.

அப்புறம் ஒன்று, கேட்காததுதான். நான் சங்கு குளித்தவன் என்று எங்கே எழுதினாலும் பத்து பேர் வலம்புரி சங்கு கேட்டு வருகிறார்கள். பதினாறு வருஷத்தில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பது பல சமயம் அமெரிக்கக் கடலில் பிறக்கும்போதே அந்தப் பக்கம் சுழித்து வளரும் வேறு சாதி நத்தை. தயவுசெய்து என்னிடம் விலை கேட்காதீர்கள்.