சாங்ஆன் எங்கே போயிற்று? சியான் பற்றிச் சில கேள்விகள்

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் இருக்கும் சியான்தான் பழைய சாங்ஆன். மேற்கு ஹான், சுய், தாங் எனப் பல பேரரசுகளுக்குத் தலைநகராக இருந்த ஊர். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: சார், சியானில் மேலே சைக்கிள் ஓட்டுகிறார்களே, அந்தக் கோட்டை மதில்தான் தாங் காலத்துத் தலைநகரின் எல்லையா?

இல்லை. போய்வந்த பலரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மதில் 1370களில் மிங் ஆட்சியில் எழுந்தது. சுற்றளவு சுமார் 13.7 கி.மீ. தாங் காலத்து ஊரோ கிழக்கு மேற்காகவே சுமார் 9.7 கி.மீ., வடக்கு தெற்காக 8.6 கி.மீ. இன்றைய மதிலுக்குள் இருப்பது அதில் ஏழில் ஒரு பங்குதான் வரும். பெரிய காட்டு வாத்துக் கோபுரம் மதிலுக்கு வெளியே, தெற்கே தள்ளி நிற்கிறது அல்லவா? அன்றைக்கு அது ஊருக்குள்ளே இருந்த கோபுரம்.

கேள்வி: அவ்வளவு பெரிய ஊர் என்ன ஆனது? போரில் எரிந்துவிட்டதா?

எரியவும் செய்தது. 881இல் ஹுவாங் சாவோவின் கலகப்படை உள்ளே புகுந்தது; அதை அடுத்து வந்த சண்டைகளில் ஊர் பாதி அழிந்தது. ஆனால் கடைசி அடி வேறு மாதிரி. 904இல் சூ வென் என்ற படைத்தலைவர் பேரரசரை மிரட்டி லோயாங்குக்குக் கிளப்பினார். கூடவே அரண்மனைகளையும் வீடுகளையும் பிரிக்கச் சொல்லி, மரங்களை வெய் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார். மக்களையும் சேர்த்துத்தான் கிளப்பினார். மூன்றே வருடத்தில், 907இல், தாங் ஆட்சியையே முடித்துவைத்தவரும் இவர்தான்.

மரத்தில் கட்டிய ஊர், அதனால் பிரிக்க முடிந்தது. மிஞ்சியவை திமிசால் இடித்து இறுக்கிய மண்மேடைகளும், செங்கல் கோபுரங்களும், கல்வெட்டுகளும். தாங் பேரரசர்கள் வாழ்ந்த தாமிங் அரண்மனைக்குப் போனால் அரண்மனை இருக்காது, அதன் மேடு இருக்கும். ஏமாற்றமாக இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்த மேட்டைப் பார்த்தால்தான் ஊரின் அளவு பிடிபடும்.

கேள்வி: அங்கே சாதாரண ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

முரசுச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு! 582இல் சுய் பேரரசருக்காக யூவென் கை என்ற வல்லுநர் வகுத்த ஊர் இது. சதுரங்கப் பலகை மாதிரி நேர்நேராகத் தெருக்கள், நடுவே 108 பேட்டைகள், ஒவ்வொரு பேட்டைக்கும் தனி மதில், தனி வாசல். அந்தியில் முரசு கொட்டினால் வாசல்கள் சாத்தப்படும். அதற்குப் பிறகு பெருந்தெருவில் சுற்றுபவன் பிடிபட்டால் இருபது அடி. விளக்குத் திருவிழா இரவுகளில் மட்டும் விலக்கு. நடுத்தெருவின் அகலம் சுமார் 150 மீட்டர். சந்தைகூட நினைத்த நேரத்தில் திறக்காது. நடுப்பகலில் முந்நூறு முறை முரசு அடித்த பிறகுதான் வியாபாரம். மேற்குச் சந்தையில் சோக்தியர் (நடு ஆசிய வணிகர்கள்), பாரசீகர் கடைகள் நிறைய. ஜப்பானின் நாராவும் கியோட்டோவும் இந்த அமைப்பைப் பார்த்து வகுத்தவைதான்.

கேள்வி: சுடுமண் வீரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அது சாங்ஆனுக்கு முந்தைய கதை. சின் பேரரசின் தலைநகர் சியான்யாங். பெயர் சியான் மாதிரி இருந்தாலும் வேறு ஊர். சின் பேரரசரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் சிலைகள் அவை; 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ணில் பட்டன. எல்லாவற்றிலும் வண்ணம் பூசியிருந்தது. தோண்டி எடுத்ததும் வறண்ட காற்றில் அடியிலிருக்கும் அரக்குப் பூச்சு சுருண்டு உரிந்துவிடும். பேரரசரின் கல்லறையை இன்னும் திறக்காததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். சரியான முடிவு என்றே சொல்வேன்.

கேள்வி: ஐயா, நம் பக்கத்துக்கும் சாங்ஆனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நேரடியாக. யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தவர். 645இல் அவர் சாங்ஆன் திரும்பியபோது கொண்டுபோனவை 657 நூல்கள். அவற்றைப் பத்திரமாக வைக்கத்தான் 652இல் அந்தக் காட்டு வாத்துக் கோபுரம் கட்டப்பட்டது. அப்புறம், தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி 719இல் தென்சீனத் துறைமுகமான குவாங்சோவில் இறங்கிய வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி, சாங்ஆன், லோயாங் ஆகிய தாங் தலைநகரங்களில் தாந்திரிக பௌத்தத்தை வேரூன்றச் செய்தார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 720இல் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், தாங் அவைக்குத் தூது அனுப்பினான். யானைப்படையோடு அரபுகளையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தயார், என் படைக்கு ஒரு பெயர் தாருங்கள் என்று கேட்டதாகச் சீனப் பதிவு சொல்கிறது. பேரரசரும் 'நற்பண்பைப் போற்றும் படை' என்ற பொருளில் பெயர் கொடுத்தார். காஞ்சியிலிருந்து திபெத் எல்லைக்கு யானை எப்படிப் போயிருக்கும் என்று கேட்காதீர்கள், இது ராஜதந்திரம்.

கேள்வி: சிறிய காட்டு வாத்துக் கோபுரம் பிளந்து தானாக ஒட்டிக்கொண்டதாமே?

1487 நிலநடுக்கத்தில் பிளந்தது, 1521இல் இன்னொரு நடுக்கத்தில் சேர்ந்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பதினைந்து அடுக்கில் இப்போது இருப்பவை பதின்மூன்று.

கேள்வி: அண்ணா, எனக்கு அரை நாள்தான் இருக்கிறது. எங்கே போகட்டும்?

தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் பேய்லின், 'கல்வெட்டுக் காடு' என்ற அருங்காட்சியகம். 1087இல் தொடங்கிய சேகரிப்பு. அங்கே 781ஆம் ஆண்டுக் கல் ஒன்று இருக்கிறது. 635இல் சாங்ஆனுக்குக் கிறிஸ்தவம் வந்த கதையைச் சீனத்தில் பொறித்திருக்கிறார்கள். அடியிலும் பக்கவாட்டிலும் பாருங்கள், பாதிரியார்களின் பெயர்கள் சிரியாக் எழுத்தில் இருக்கும். கேரளத்துப் பழைய தேவாலயங்களில் வழிபாட்டில் ஒலித்த அதே மொழி. வரிசையாக நிற்கும் கற்களில் அதைத் தவறவிடுவது சுலபம். முதலில் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் மதிலில் சைக்கிள் ஓட்டுங்கள்.