எல்லாமே யூடியூபில் கிடைக்கிற காலத்தில் பயணக் கதையை நேரில் வந்து கேட்க ஆள் இருக்குமா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக: அவர் பயணக் கட்டுரைகள் எழுதுகிறவர். காரைக்குடியில் ஒரு வாசகர் வட்டத்தில் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். யார் வரப்போகிறார்கள், என்ன பேசுவது, படம் காட்டாமல் சரிப்படுமா என்று கேட்கிறார்.

கட்டாயம் வருவார்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் என்று நினைக்கிறேன். அங்கே கூட்டம் சேர்ப்பது பெரிய பாடு என்பதால் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். நான் இந்தப் பக்கத்தில் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பத்திரிகைகளில் பயணக் கட்டுரை எழுதுகிறவள், இங்கேயே மேடையேறிப் பேசியும் இருக்கிறேன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை. அதனால் குலப்பெருமை பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

வெளிநாட்டுக் கதை கேட்பது செட்டிநாட்டுக்குப் பழகிப்போன விஷயம். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கொண்டு விற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருஷத் தவணைக் கணக்கு முடித்து ஊர் திரும்பினால், அன்று சாயங்காலம் திண்ணை நிறைந்துவிடும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உட்கார்ந்து பேச்சுக் கேட்கும் பழக்கமும் இந்த ஊரில் விட்டுப்போகவில்லை. சா. கணேசன் 1939ல் தொடங்கிய கம்பன் கழகம் வருஷா வருஷம் பங்குனியில் விழா எடுக்கிறது. காரைக்குடியில் நடத்தி, அத்தத் திருநாளில் கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் கொண்டுபோய் நிறைவு செய்வார்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த காதுகள் இவை.

படம் இல்லாமல் யார் கேட்பார்கள் என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. என்னிடமும் ஒருவர் நேருக்கு நேர் கேட்டார்: "டீச்சர், இதை ரெண்டு நிமிஷ ரீலா போட்டுட்டுப் போகலாமே?" நான் படத்துக்கு விரோதி இல்லை. அமெரிக்காவில் பர்ட்டன் ஹோம்ஸ் என்பவர் கண்ணாடிச் சிலைடுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டி, அதைத் திரையில் காட்டி ஊர் ஊராகப் பயணக் கதை சொல்லியே வாழ்நாள் முழுவதும் பிழைத்தார். ஆனால் அதே காலத்தில், கடனில் மூழ்கியிருந்த மார்க் ட்வெய்ன் 1895ல் கிளம்பி நாடு நாடாக மேடையில் பேசி, 1896ல் நம் நாட்டுக்கும் வந்து பேசி, அந்தக் கடனை அடைத்தார். அவர் கையில் படம் எதுவும் கிடையாது. வாய்தான் முதல்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கு போய்வந்திருந்தேன். அங்கே பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் தேரை வைத்திருக்கும் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கு முருகன் வெள்ளித் தேரில் போகிறார். அந்தத் தேர் 1894ல் நம் காரைக்குடியில் செய்து கப்பலில் அனுப்பியது. இதைச் சொன்னதுமே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. விடிகாலையில் கிளம்புகிற தேர் மலையடிவாரம் போய்ச் சேர இரவாகிவிடும். வழி நெடுக மலைமலையாகத் தேங்காய் குவித்து வைத்து உடைக்கிறார்கள். சீனர்களும் வரிசையில் நின்று உடைக்கிறார்கள். ரோடு முழுக்க இளநீர் ஓடி வழுக்குகிறது. சிரட்டைச் சில்லுகளை ஒதுக்கித் தள்ள ஆட்கள் மண்வெட்டியோடு முன்னால் போகிறார்கள், பின்னால் காளைகள் தேரை இழுத்து வருகின்றன.

இந்த இடத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு ஆச்சி கையைத் தூக்கினார். "ஏம்மா, அவ்வளவு சில்லு கிடக்குன்னா மாட்டுக் காலு என்னத்துக்கு ஆகும்? லாடம் அடிச்சிருந்துச்சா?" பார்த்ததைச் சொன்னேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தேங்காய் என்ன விலை? அங்கேயே விளைகிறதா, வெளியிலிருந்து வருகிறதா? கோயில் வீட்டுப் பந்தியில் என்ன போட்டார்கள்? போக வர டிக்கெட் எவ்வளவு, திருச்சியிலிருந்து ஏறினால் குறைச்சலா? என் மனசு எப்படி இருந்தது, என்ன உணர்ந்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். சின்னப் பையனாக அவருடைய அப்பச்சியோடு, அதாவது அப்பாவோடு, ரஜூலா கப்பலில் போனவராம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் பல பத்தாண்டுகள் ஓடிய கப்பல் அது. டெக்கில் இடம் பிடிக்க எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போய்ப் பாயை விரித்து அதன்மேல் இவரைப் படுக்க வைத்துவிடுவார்களாம், எழுந்தால் இடம் போய்விடும் என்று. ஒன்றுக்குப் போகக்கூட விடவில்லை என்று அவர் சொன்னபோது கூடமே சிரித்தது. கிட்டங்கியில், அதாவது அங்கே நகரத்தார் கடை வைத்துத் தங்கியிருந்த கட்டடத்தில், வரிசையாகக் கணக்குப் பெட்டிகள் இருந்ததையும், பெட்டியடிப் பையன்கள் என்கிற எடுபிடிப் பையன்கள் இரவில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியதையும் சொன்னார். என் கட்டுரையில் இதில் ஒரு வரியும் கிடையாது. எந்த வீடியோவைப் போட்டிருந்தாலும் அவர் எழுந்து பேசியிருக்க மாட்டார். எனக்கு அது போதும்.

ஆகவே நீங்கள் தயார் செய்ய வேண்டியது விவரம். எப்படிப் போனீர்கள், என்ன கொடுத்தீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள், யார் வழி சொன்னார்கள். பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தவர் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார். 1937ல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக நாடு நாடாக அலைந்து, கிடைத்த படத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, 1940ல் திரையிட்டுவிட்டார். அவ்வளவு அலைந்தவர் எழுத்தில் தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை தேடினாலும் கிடைப்பது கஷ்டம். சின்னச் சின்ன வாக்கியம், கண்ணில் பட்டது, அவ்வளவே. நெற்குப்பைக்காரரான இன்னொரு பயண எழுத்தாளர் சோமலெயும் விவரத்தில் அப்படித்தான், ஊரைப் பற்றி எழுதினால் அங்கே என்ன விளைகிறது என்பது வரைக்கும் வந்துவிடும். இவர்களைப் படித்த ஊரில் "அந்த மலையைப் பார்த்ததும் என்னையே மறந்தேன்" என்று தொடங்கினால் எடுபடாது. உணர்ச்சியே கூடாது என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் சொல்லவில்லை. காளையின் காலைப் பற்றி அந்த ஆச்சி கேட்டதில் எவ்வளவு கரிசனம் இருந்தது!

பயணம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று வருகிறவர்கள் பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் நின்று "கைவிடப்பட்ட அரண்மனை", "பேய் பங்களா" என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். பூட்டிக் கிடப்பதெல்லாம் கைவிட்ட வீடு இல்லை. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஆளுக்கு ஒரு ஊரில், ஆளுக்கு ஒரு நாட்டில். ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் கதவு திறக்கும், வளவு என்கிற உள்முற்றம் முழுக்க இலை போடுவார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை கேட்க நேரம் இல்லையா? எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, அருமையாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வயிறு எரிகிறது. உங்கள் கூட்டத்திலும் அந்த வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். தேதியை ஒப்புக்கொள்ளும் முன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பாருங்கள், முகூர்த்தம் என்றால் பாதி ஊர் கல்யாணத்தில் இருக்கும். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று உங்கள் ஒரு மணி நேரத்தைக் கடித்துவிடுவார்கள், அதையெல்லாம் பேச்சுக்குப் பிறகு வைக்கச் சொல்லி இப்போதே கறாராகப் பேசிவிடுங்கள். அரை மணி நேரம் நீங்கள் பேசினால் போதும், மீதி அரை மணி நேரம் அவர்களுக்கு. மைக்கைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பையனை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வயசானவர்கள் அங்கேதான் உட்காருவார்கள்.