தண்ணீர் வாங்குவோர் கேள்வி-பதில்

கே: வீட்டுக்கு வந்த விற்பனையாளர், இரண்டு ஜோடி கம்பி உள்ள கருவியை எங்கள் போர்த் தண்ணீரில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாகத் திரண்டது. அவருடைய ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருந்தது. பயந்துபோய் 18,500 ரூபாய்க்கு மெஷின் வாங்கிவிட்டோம். எங்கள் தண்ணீர் அவ்வளவு மோசமா? – பாலக்கோடு வாசகி

ப: கண்ணெதிரே தண்ணீர் கலங்கினால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? உங்கள் மேல் தவறில்லை அம்மா. அந்த அழுக்கு கம்பியிலிருந்து வந்தது. ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அதே ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். குடிக்கத் தகுந்த தண்ணீரையும் விஷம்போலக் காட்டும் இந்த வித்தையை ஊர் ஊராகச் செய்து காசு பிடுங்குகிறார்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் அது அளக்காது.

ஆனால் தருமபுரி மாவட்டத்தில் ஃப்ளோரைடு நிஜமான தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 2 லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். ஃப்ளோரைடு கூடுதல் என்றால் மெஷின் வீண் போகாது. ஆனால் அதில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தால் முழுக்க மூடச் சொல்லுங்கள். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு அது. ஃப்ளோரைடும் கூடவே திரும்பி வரும்.

ஏமாற்றியதற்குப் புகார்: பில்லுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம்.

கே: கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடுமா?

ப: போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். நைட்ரேட்டும் அப்படியே.

கே: டிடிஎஸ் மீட்டர் 160 காட்டுகிறது. பயமில்லாமல் குடிக்கலாமா?

ப: அது கரைந்த உப்பின் கணக்கு மட்டும். சாக்கடை கசிந்த குழாய்த் தண்ணீரும் 160 காட்டும். கிருமிக்கு, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுங்கள். 100 மில்லியில் மலக் கலப்பைக் காட்டும் இ-கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கே: மூன்று வருஷமாக லேபிள் இல்லாத 20 லிட்டர் கேன் வாங்குகிறோம், பில்லும் இல்லை. இப்போது பாசி வாடை அடிக்கிறது. யார் மேல் புகார் கொடுப்பது?

ப: மூன்று வருஷம் லேபிளைப் பார்க்காமல் வாங்கிவிட்டு இப்போது யாரைத் தேடுவது? மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கடையைக் காட்டிக் கொடுங்கள். இனிமேலாவது 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், நிரப்பிய தேதி, உடையாத சீல் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் சிஎம்/எல் (உரிம) எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். கேனை வெயிலில் வைக்கும் கடை வேண்டாம். பாசி அங்கேதான் பிடிக்கும்.

கே: சம்ப்புக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

ப: தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிரித்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது.