எழுத்தை யாரு படிக்கப்போறா?

அண்ணே, வணக்கம். காரைக்குடியில வீட்டுலேருந்தே வெப் டிசைன் வேலை பாக்குறேன். தரையில பதிக்கிற ஆத்தங்குடி பூக்கல்லு செய்யிற பட்டறைக்காரர் ஒருத்தருக்கு சைட் செஞ்சுக்கிட்டு இருக்கேன். போட்டோவ மட்டும் பெருசு பெருசா போடு, எழுத்தை யாரு படிக்கப்போறாங்கிறார். இருக்குற நாலு வரியையும் படத்துக்குள்ளயே டிசைனா வைக்கணுமாம். சொன்னபடி செஞ்சு குடுத்துடலாமா, இல்ல பேசாம சென்னைக்கே போயிடவா?
ஒரு வாசகர், காரைக்குடி

தம்பி, சென்னைக்குப் போறது உங்க இஷ்டம், ஆனா இதுக்காகப் போகாதீங்க, அங்கயும் இதே பேச்சத்தான் கேப்பீங்க.

போட்டோ பெருசா வேணும்னு அவர் கேக்குறது நியாயம்தான், அந்தப் பூவும் கலரும் கண்ணுல பட்டாத்தானே ஆள் வரும். ஆனா கேமராவுல எடுத்த படத்தை அப்படியே ஏத்தாதீங்க, சிக்னல் விட்டு விட்டு வர்ற ஊருல பாதிப் படம் வர்றதுக்குள்ள மூடிட்டுப் போயிடுவாங்க. அகலத்தை 1200 பிக்சலுக்குக் கொறச்சு படத்தோட ஃபைல் சைஸைக் கொறைக்கிற வெப்பி (WebP) ஃபார்மட்ல போடுங்க.

எழுத்த மட்டும் படத்துக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. நெறைய போன்ல வெப்சைட் கணக்குக்கு (CSS) அகலமே 360 பிக்சல் மாதிரிதான், படம் சுருங்குனா எழுத்தும் சேர்ந்து சுருங்கி எறும்பு ஊர்றாப்ல ஆயிடும், கண்ணு தெரியாதவங்க டாக்பேக், அதான் திரையில இருக்குறத வாசிச்சுச் சொல்ற போன் வசதி, அத வச்சுக் கேட்டா படத்துக்குள்ள இருக்குற எழுத்த சரியா வாசிக்கும்னு நம்ப முடியாது, படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட்டும், அதான் படத்துல என்ன இருக்குன்னு கோடுல எழுதி வைக்கிற வரியும், குடுக்கலைன்னா அங்க என்ன இருக்குன்னு அவங்களுக்குச் சரியாத் தெரியாமப் போயிடலாம்.

அப்புறம் யாரு படிப்பாங்கிறாரே, வீடு கட்டுறவங்க படிப்பாங்க தம்பி! இந்தக் கல்ல எப்படிச் செய்யிறாங்க, கண்ணாடி மேல அச்ச வச்சு, கலர்க் கலவைய கையாலயே ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊறப்போட்டு எடுக்குறாங்க, சூளையில சுடுறதே கெடையாது, அந்தப் பளபளப்பே கண்ணாடி குடுக்குறதுதான். இதுல எது போட்டோவுல தெரியுது சொல்லுங்க? ஒரு கல்லு என்ன அளவு, நூறு சதுர அடிக்கு எத்தனை வேணும், போட்டப்புறம் எப்படித் தொடைக்கணும், இதெல்லாம் அவர் வாயாலயே சொல்லச் சொல்லி ரெக்கார்டு பண்ணிக்கங்க, அவர் பேசுற தமிழ்லயே போடுங்க. கைவேலை செய்யிறவங்க பேச்சு அப்படியே இணையத்துல ஏறணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

தமிழ் எழுத்துக்கு மேல கொக்கி, கீழ சுழி எல்லாம் இருக்குறதால லைன் ஹைட்ட, அதான் ஒரு வரிக்குக் குடுக்குற உயரத்த, எழுத்து சைஸப் போல 1.6 மடங்குக்குக் கொறையாம வைங்க. வெள்ளையில வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதான் கான்ட்ராஸ்ட், 4.5க்கு 1னாவது இருக்கணும், வீடு கட்டுறவங்கள்ல ரிட்டயர் ஆனவங்களும் உண்டு.

அவர்கிட்ட வாதாட வேண்டாம். ரெண்டு மாதிரியும் செஞ்சு, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு அவர் போன்லயே தெறந்து காட்டுங்க.