ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு வக்கீல் எப்போ வேணும்? கேள்வி பதில்

கோயம்புத்தூர்ல வக்கீலா இருக்கேன். டிரேட்மார்க், நுகர்வோர் வழக்கு, ஆன்லைன் வியாபார ஒப்பந்தம், இதுதான் என் வேலை. இன்ஸ்டா, வாட்ஸ்அப், சொந்த வெப்சைட்னு வித்துட்டு இருக்கறவங்க கேட்ட கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் எழுதியிருக்கேன். ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன், ஆள் பேர் வேண்டாம்.

திருப்பூர்: அக்கா, டீ-ஷர்ட் பிசினஸ் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். இப்பவே வக்கீல் வச்சுக்கணுமா?

மாசாமாசம் காசு குடுத்து வச்சுக்க வேண்டாம் தம்பி. ஆனா ஆரம்பத்துல ஒரு தடவை உக்காந்து பேசிடுங்க, பிராண்ட் பேர் வேற யாராவது பதிவு பண்ணியிருக்காங்களா, உங்களுக்கு துணி தைச்சுக் குடுக்கறவரோட என்ன எழுதி வச்சிருக்கீங்க, பார்ட்னர் இருந்தா நாளைக்கு அவர் விலகினா பேஜ் யாருக்கு, இந்த மூணும் ஆரம்பத்துல பேசினா சின்ன விஷயம், ரெண்டு வருஷம் கழிச்சு பேசினா வழக்கு. அதுக்கப்புறம் எதுலயாவது கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாங்க, நோட்டீஸ் வந்தா அன்னைக்கே வாங்க. நோட்டீஸை டிராயர்ல போட்டுட்டு பதில் சொல்ற கெடு முடிஞ்சப்புறம் வர்றவங்கதான் ஜாஸ்தி, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

மதுரை: மேடம், நல்ல வக்கீலை எப்படி கண்டுபிடிக்கறது? நெட்ல தேடினா "நம்பர் 1 சைபர் வக்கீல்"னு ஏகப்பட்ட விளம்பரம் வருது.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இந்தியாவுல வக்கீல் விளம்பரம் பண்ணி கேஸ் பிடிக்கக் கூடாது, வக்கீல்களைக் கட்டுப்படுத்தற பார் கவுன்சிலோட விதி 36 அதைத்தான் சொல்லுது. 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டும் ஆன்லைன் போர்ட்டல் வழியா வக்கீல்களுக்கு ரேட்டிங், விலை எல்லாம் போட்டு விக்கிறதைக் கண்டிச்சு நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. அதனால நம்பர் 1னு போட்டிருக்கறவரைப் பாத்தா முதல்ல சந்தேகப்படுங்க.

என்ரோல்மென்ட் நம்பர் கேளுங்க, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்ல பதிவு பண்ண ஒவ்வொருத்தருக்கும் நம்பரும் வருஷமும் இருக்கும், கேக்கறதுல ஒரு மரியாதைக் குறைவும் இல்ல. அப்புறம் நேரா கேளுங்க, இ-காமர்ஸ் விதிகள் பாத்திருக்கீங்களா, டிரேட்மார்க் ஆட்சேபத்துக்கு பதில் போட்டிருக்கீங்களா, நுகர்வோர் கமிஷன்ல, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்ல, நின்னிருக்கீங்களான்னு. "எல்லாமே பாப்பேன்"னு சொல்றவரை விட "இது நான் பாக்கறதில்ல, அவர்கிட்ட போங்க"னு சொல்றவரை நான் நம்புவேன். "ஜெயிச்சா இத்தனை பர்சென்ட் குடுங்க"னு கேட்டா எழுந்து வந்துடுங்க, அப்படி ஃபீஸ் பேசறதே நம்ம நாட்டுல விதிப்படி தப்பு. ஃபீஸ் எவ்வளவு, அதுல எது எது அடக்கம், கோர்ட் செலவு தனியா இல்ல சேத்தான்னு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிக்கோங்க. வக்காலத்துங்கறது உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் குடுக்கற தாள், அதுல விவரம் எதுவும் நிரப்பாம வெத்தா இருந்தா கையெழுத்து போடாதீங்க. ஒரிஜினல் ஆவணம் குடுத்தா குடுத்ததுக்கு எழுத்துல வாங்கிக்கோங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. நீங்க அவர்கிட்ட உண்மை சொல்லணும். ஃபேக் ரிவியூ போட்டது, கஸ்டமரை திட்டி மெசேஜ் அனுப்பினது எல்லாத்தையும் முதல் நாளே சொல்லிடுங்க, எதிராளி ஸ்க்ரீன்ஷாட் நீட்டும்போது உங்க வக்கீலுக்கே அது புதுசா இருந்தா அவரால ஒண்ணும் பண்ண முடியாது.

சேலம்: ஒரு பெரிய வெப்சைட்ல இருந்து டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் காப்பி பண்ணி போட்டுட்டேன், பரவாயில்லையா?

இன்னைக்கே எடுத்துடுங்க. அதுல அவங்க 30 நாள் ரிட்டர்ன்னு சொல்லியிருந்தா நீங்களும் அதே வாக்கு குடுத்திருக்கீங்கன்னுதான் அர்த்தம். வழக்குன்னா டெல்லி கோர்ட்லதான்னு இருக்கும், சேலத்துல இருந்து டெல்லிக்கு நீங்க எதுக்கு போகணும்? அதை விட முக்கியம், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி கஸ்டமர் தான் குடியிருக்கற ஊர்லயே வழக்கு போடலாம், நீங்க என்ன எழுதி வச்சாலும் அந்த உரிமை போகாது. ஒரு பக்கத்துல, உங்களால நிஜமா செய்ய முடிஞ்சதை மட்டும், தமிழ்லயே எழுதுங்க. எழுதினப்புறம் வக்கீல்கிட்ட காட்டுங்க, திருத்தறதுக்கு ஆகற செலவு புதுசா எழுதறதை விடக் கம்மி.

ஈரோடு: "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க", "நோ ரிட்டர்ன்", "அன்பாக்சிங் வீடியோ கட்டாயம்", இதெல்லாம் எல்லாரும் போடறாங்களே, தப்பா?

எல்லாரும் போடறாங்கங்கறதுக்காக சரியாகிடாதுங்க. 2020 இ-காமர்ஸ் விதிகள் பெரிய கம்பெனிக்கு மட்டும்னு நினைக்கறாங்க, வீட்ல இருந்து தொடர்ந்து வியாபாரமா பண்ணாலும் அது பொருந்தும். விலை எல்லா சார்ஜும் சேத்து வெளிப்படையா இருக்கணும். ஒருத்தருக்கு 900, இன்னொருத்தருக்கு 1200னு ஆளைப் பாத்து சொல்றதுக்குத்தான் இந்த இன்பாக்ஸ் பழக்கம் உதவுது, வாங்கறவங்களுக்கும் அது தெரியும். பேர், முகவரி, புகார் சொல்ல ஒரு ஆளு, அவரோட போன் நம்பர் போடணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீக்கணும்.

டேமேஜ் ஆன பொருள், படத்துல காட்டினது ஒண்ணு அனுப்பினது ஒண்ணு, சொன்ன தேதிக்கு வராதது, இதுக்கெல்லாம் திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்லவே கூடாது. வீடியோ கேக்கலாம், சாட்சிக்கு நல்லது, உங்களுக்கும் பாதுகாப்பு. ஆனா வீடியோ இல்லங்கறதால மட்டும் உங்க பொறுப்பு போயிடாது. கலர் பிடிக்கல, மனசு மாறிடுச்சுன்னா அது வேற, அதுக்கு உங்க பாலிசிதான், முன்னாடியே தெளிவா சொல்லியிருக்கணும்.

காஞ்சிபுரம்: செமி சில்க் புடவைக்கு "காஞ்சிபுரம் பட்டு"னு டைட்டில் போட்டாதான் ஓடுது மேடம். கீழ டிஸ்க்ரிப்ஷன்ல செமினு எழுதிடறேன்.

இதுக்கு கோபப்படாம பதில் சொல்லணும்னு பாக்கறேன். நீங்க இருக்கற ஊர்லயே தறில உக்காந்து ஒரு புடவைக்கு பல நாள் வேலை பாக்கறவங்க இருக்காங்க, அவங்க சோத்துல கை வைக்கற வேலை இது. காஞ்சிபுரம் பட்டுக்கு புவிசார் குறியீடு இருக்கு, அதாவது அந்தப் பேர் அந்த ஊர் சரக்குக்கு மட்டும்தான், அந்தப் பேரை வேற சரக்குக்கு போட்டா 1999 புவிசார் குறியீட்டு சட்டப்படி ஜெயில் வரைக்கும் போகலாம். கீழ எழுதறது காப்பாத்தாது, ஏன்னா வாங்கறவங்க டைட்டிலை நம்பித்தான் காசு அனுப்பறாங்க. செமி சில்க்னே தலைப்புல போடுங்க, அதுக்கும் மார்க்கெட் இருக்கு. நிஜப் பட்டு வித்தா, சுத்தப் பட்டுன்னு காட்டற சில்க் மார்க் லேபிளோட வில்லுங்க.

நாகர்கோவில்: வீட்ல சோப்பு, ஹேர் ஆயில் பண்றேன். இயற்கைதானே, லைசென்ஸ் எதுக்கு?

இயற்கையோ செயற்கையோ, விக்கறதுக்கு சோப்பும் ஃபேஸ் பேக்கும் தயாரிச்சா அது காஸ்மெடிக்ஸ், 2020 காஸ்மெடிக்ஸ் விதிப்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் வேணும்மா. அடுப்படில பண்றதுக்கு அது கிடைக்கறது கஷ்டம். அதனால நிறைய பேர் லைசென்ஸ் இருக்கற யூனிட்ல தன் பார்முலாவைக் குடுத்து செஞ்சு வாங்கறாங்க, அதுக்கு லோன் லைசென்ஸ்னு ஒரு வழி இருக்கு, அங்க ஒப்பந்தம் எழுத கண்டிப்பா வக்கீல் வேணும், இல்லன்னா உங்க பார்முலா அடுத்த மாசம் வேற பேர்ல வரும்.

"சொரியாசிஸ் போயிடும்", "சுகர் கன்ட்ரோல் ஆகும்"னு எழுதறதை உடனே நிறுத்துங்க. நோய் குணமாகும்னு விளம்பரம் பண்றதைத் தடுக்க 1954லயே தனிச் சட்டம் இருக்கு. சட்டத்தை விடுங்க, அதைப் படிச்சிட்டு ஒரு அம்மா மாத்திரையை நிறுத்தினா அந்தப் பாவம் யாருக்கு?

மசாலா, ஊறுகாய் விக்கறவங்களும் இதையே கேட்டிருந்தீங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல பதிவு கட்டாயம், சின்ன அளவுக்கு வருஷத்துக்கு 100 ரூபா தான். 14 இலக்க நம்பர் லேபிள்ல இருக்கணும்.

சென்னை: ஃப்ரெண்ட்ஸை வச்சு 5 ஸ்டார் ரிவியூ, "இன்னும் 2 பீஸ்தான்"னு கவுண்டர். மார்க்கெட்டிங்தானே?

இல்ல, பொய். விக்கிறவரே கஸ்டமர் மாதிரி ரிவியூ போடக் கூடாதுன்னு விதியிலயே இருக்கு. ஸ்டாக் நிறைய இருக்கும்போது 2 பீஸ்னு காட்டறது, கேக்காமலே கார்ட்ல ஒரு பொருளைச் சேக்கறது, கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு சார்ஜ் போடறது, இந்த மாதிரி 13 வகையை 2023 நவம்பர்ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல பட்டியலே போட்டு தடை பண்ணிட்டாங்க. தவறா வழிகாட்டற விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை, திரும்பவும் பண்ணா 50 லட்சம் வரை. ஓசிப் பொருள் வாங்கிட்டு ரீல்ஸ் போடறவங்களும் விளம்பரம்னு தெளிவா சொல்லணும்.

கரூர்: என் போட்டோவையும் பிராண்ட் பேரையும் இன்னொரு பேஜ் அப்படியே எடுத்துக்கிச்சு.

போட்டோவுக்கு பதிவே தேவையில்ல, எடுத்ததுமே காப்பிரைட் வந்துடும், நீங்க காசு குடுத்து எடுக்க வச்சதுன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் போடாத வரை, அது உங்களுக்குத்தான். முதல்ல தேதியோட ஸ்க்ரீன்ஷாட், லிங்க் எல்லாம் எடுத்து வைங்க, சண்டை போட்டு அவங்க அழிச்சப்புறம் ஆதாரம் இருக்காது. அப்புறம் ஆப்லயே காப்பிரைட் புகார், நிறைய விஷயம் அதுலயே முடிஞ்சிடும். பேருக்கு டிரேட்மார்க் போடுங்க, தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4500 ரூபா அரசு கட்டணம், துணிக்கு வகுப்பு 25. பதிவு ஆகறதுக்கு முன்னாடியே ஆர் போட்ட வட்டத்தைப் போடாதீங்க, அது தப்பு. பதிவு இல்லன்னாலும் முன்னாடியில இருந்து அந்தப் பேர்ல வித்ததுக்கு பில், போஸ்ட் எல்லாம் இருந்தா சட்டத்துல மதிப்பு உண்டு, அதனால பழைய பில்லைத் தூக்கிப் போடாதீங்க.

திருச்சி: யாரோ ஒரு கஸ்டமர் ஜிபே பண்ணதால என் அக்கவுண்ட்டையே முடக்கிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?

நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சார். எங்கயோ ஏமாந்தவர் 1930ங்கற சைபர் மோசடி ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்திருப்பார், அந்தக் காசு கை மாறி உங்ககிட்ட வந்திருக்கும். பேங்க்ல போய் புகார் நம்பர், எந்த மாநிலத்து போலீஸ், எவ்வளவு தொகைன்னு எழுத்துல வாங்குங்க. அந்த அதிகாரிக்கு பில், கூரியர் ரசீது, சாட் எல்லாம் வச்சு மெயில் போடுங்க. "தீத்து வைக்கறேன், காசு அனுப்பு"னு போன் வந்தா அனுப்பாதீங்க. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வச்சுட்டு மத்ததை விடணும்னு சென்னை ஹைகோர்ட் 2024ல சொல்லியிருக்கு, மெயிலுக்கு பதில் வரலன்னா ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம், இதுக்கு வக்கீல் வேணும். வியாபாரத்துக்குன்னு தனி அக்கவுண்ட் வச்சிருந்தா வீட்டுச் செலவாவது தப்பிக்கும்.

தஞ்சாவூர்: கஸ்டமர் மோசமா ரிவியூ போட்டுட்டாங்க. மானநஷ்ட நோட்டீஸ் விடலாமா?

அவங்க சொன்னது உண்மையா? உண்மைன்னா காசைத் திருப்பிக் குடுங்க, அதே இடத்துல மன்னிப்பு கேளுங்க. வேணும்னே பொய் சொல்றாங்க, பொருளே வாங்காதவங்கன்னா ஆதாரத்தோட வாங்க, பேசலாம். நுகர்வோரை மிரட்டறதுக்கு நோட்டீஸ் எழுதித் தர்றதில்லன்னு நான் ஒரு கொள்கை வச்சிருக்கேன்.

விழுப்புரம்: பழைய கஸ்டமர் நம்பர் எல்லாம் 3000 இருக்கு. இன்னொரு கடைக்காரர் விலைக்கு கேக்கறார்.

குடுக்காதீங்க. டெலிவரிக்குன்னு குடுத்த நம்பர் அது. 2023 தனிநபர் தரவு சட்டத்துக்கு 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம், அதுக்குள்ள இந்தப் பழக்கத்தை விடணும். பெண்களோட நம்பரும் வீட்டு முகவரியும் அதுல இருக்குங்கறதை யோசிச்சுப் பாருங்க.

நிறைய ஊர்ல இருந்து: கர்நாடகாவுக்கு அனுப்பினா ஜிஎஸ்டி வேணுமா?

பெரும்பாலான சரக்குக்கு வேணும். வருஷ விற்பனை 40 லட்சம் வரை வேண்டாம்ங்கறது மாநிலத்துக்குள்ள விக்கறவங்களுக்கு. கணக்காளர்கிட்ட கேட்டுட்டு பார்சல் போடுங்க.

பல பேர்: மேடம், உங்க நம்பர் குடுங்க. ஃபீஸ் குடுக்க வசதியும் இல்ல.

நம்பர் போட்டா அது விளம்பரம் ஆயிடும், முடியாது. வசதி இல்லாதவங்க உங்க மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, போன்ல 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு. போகும்போது ஒப்பந்தம், பில், ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து தேதி வரிசைல அடுக்கிக் கொண்டு போங்க.