ராத்திரி பஸ் ஸ்டாப்பில் நின்றால் கேஸா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கங்க. நான் திருநங்கை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஆர்டர் அவசரம் என்றால் வேலை முடிய ராத்திரி பதினொரு மணி ஆகிவிடும். கம்பெனி வேன் பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிறது, என்னை மட்டும் ஏற்றுவதில்லை. பல்லடம் ரோட்டில் நின்று ஆட்டோ பிடித்துப் போவேன். ஒரு மாதமாக ஒரே பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வருகிறார்கள். "வேண்டாங்க, போங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். போன வாரம் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஷாலைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், "அந்நேரத்துல உனக்கு அங்க என்ன வேலை? திருநங்கை கார்டு இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்டுக்கு மனு போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் ரோந்து போலீஸ்காரர், "இனி இங்க நின்னா கேஸ் போட்ருவேன்" என்றார். பையில் கத்தி வைத்துக்கொள் என்கிறாள் தோழி. என்ன செய்யட்டுங்க?

பதில்: அம்மிணி, சட்டமெல்லாம் அப்புறம். இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு பேக்கரி இருக்கும். நம் ஊரில் பேக்கரி இல்லாத பஸ் ஸ்டாப்பை நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு கேமராவும் இருக்கும். அதில் பதிவாவது சில நாளிலேயே தானாக அழிந்து, அதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். கடைக்காரரிடம் போய், இந்தத் தேதி, இந்த நேரம் என்று சொல்லி, "அழிஞ்சு போகாம எடுத்து வைங்கண்ணா, போலீஸ் கேட்டாக் குடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். உங்கள் போனிலும் ஒரு காப்பி கிடைத்தால் நல்லது. ஆனால் கோர்ட்டில் செல்லுபடியாக, பதிவு செய்த கருவியைப் பற்றிக் கடைக்காரர் கையெழுத்திட்ட சான்றிதழும் வேண்டும், சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால் புகார் மனுவிலேயே அந்தக் கடையைக் குறிப்பிட்டு, பதிவைக் கைப்பற்றும்படி கேட்டுவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்பதைக் காட்ட கம்பெனி பஞ்சிங் பதிவு போதும். "அந்நேரத்துல என்ன வேலை" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி புகார். கார்டு இருந்தால்தான் புகார் வாங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடி வாங்கியவர் யாராக இருந்தாலும் புகார் கொடுக்கலாம், நேரில் பார்த்தவர்கூடக் கொடுக்கலாம். மனுவில் நீங்கள் புழங்குகிற பெயரை எழுதி, பக்கத்திலேயே "ஆதாரில் உள்ள பெயர் இன்னது" என்று சேர்த்துவிடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று பின்னால் யாரும் வழக்கைக் கெடுக்க முடியாது.

எந்தப் பிரிவில் வழக்கு என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென்று 2019இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவு, பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், உடலாலோ சொல்லாலோ துன்புறுத்துவதையும் குற்றம் என்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. "மேடம், அந்தச் சட்டத்துல போடச் சொல்லுங்க" என்று கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது, அதை மட்டும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள தனிச் சட்டக் குற்றங்களில், அந்தச் சட்டமே வேறு மாதிரி சொல்லாதவரை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. எஸ்.ஐ. "இது எங்க கையில இல்லைங்க" என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. ஆனால் பிடிக்கத்தக்க குற்றம், அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமலே போலீஸ் வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றம், ஒன்றாவது கூடச் சேர்ந்திருந்தால், மொத்த வழக்கையும் போலீஸே எடுத்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 174ஆம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது.

உங்களுக்கு நடந்ததில் அப்படிப்பட்ட குற்றங்கள் நிறையவே இருக்கின்றன. வண்டியைக் குறுக்கே போட்டு வழி மறித்தது, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 126. ஷாலை இழுத்தது 74, அதற்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, ஜாமீனும் சுலபமில்லை. வேண்டாம் என்று சொல்லியும் ஒரு மாதமாகப் பின்தொடர்ந்து பேச்சுக் கொடுத்தது 78. அசிங்கமாகவும் பேசியிருந்தால் அது 79. அறைந்தது 115, அது மட்டும் பிடிக்கத்தக்க குற்றம் இல்லை.

இதில் 74, 78, 79 மூன்றும் "ஒரு பெண்ணை" என்று எழுதப்பட்டவை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார், நானாக இருந்தாலும் பிடித்துக்கொள்வேன். நம்மிடம் பதில் இருக்கிறது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று தந்த தீர்ப்பு இருக்கிறது. 2019இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார். 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு திருநங்கை மாணவி போனபோது, பாலியல் தொல்லைப் பிரிவில் வழக்குப் பதிவோம் என்று போலீஸே ஒப்புக்கொண்டது. இருந்தாலும் வழக்கு ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம். 126ஆம் பிரிவு "யாரையேனும்" என்றுதான் சொல்கிறது, மறிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. அதற்குத் தண்டனை ஒரு மாதம்தான். ஆனால் பிடிக்கத்தக்க குற்றம். நாளைக்கு மற்றவை வாதத்தில் ஆட்டம் கண்டாலும் இந்தக் கால் நிற்கும். 115ம் 2019 சட்டத்தின் 18ம் இதில் ஏறி வந்துவிடும்.

பிரிவு எண்களை நீங்கள் எழுதவேண்டியதில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். "கேலி செய்தார்கள், தகாத வார்த்தையால் திட்டினார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வார்த்தை என்று மனுவில் இல்லாததாலேயே கோர்ட்டில் விழுந்துபோன வழக்குகள் ஏராளம். எழுதக் கை கூசும், தெரியும். என்னிடம் வந்த ஒரு பெண் அந்த ஒரு வரியை மட்டும் எழுதமாட்டேன் என்று அரை மணி நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார், கடைசியில் எழுதினார். அந்த வரிதான் வழக்கைக் காப்பாற்றியது. மனு இப்படி இருக்கட்டும்: "இரவு சுமார் 11.20 மணிக்கு பஸ் ஸ்டாப்பில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றிருந்தேன். கறுப்பு பைக்கில் வந்த இருவர் நான் முன்னால் போக முடியாதபடி வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர் என் ஷாலை வலது கையால் இழுத்தார். 'வரியா, எவ்வளவு' என்று கேட்டார்." இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் போதும். வண்டி நம்பரில் இரண்டு இலக்கம் நினைவிருந்தாலும் எழுதுங்கள். அவர்கள் முன்பு பின்தொடர்ந்த தேதிகளையும், "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதையும் விடாதீர்கள், 78க்கு அதுதான் அடிப்படை.

கன்னத்தில் இன்னும் வலியோ வீக்கமோ இருந்தால் இப்போதும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். "அடையாளம் தெரிந்த இரண்டு பேர் கையால் அறைந்தார்கள்" என்று டாக்டரிடம் சொல்லி, ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் செய்யுங்கள். கூச்சப்பட்டு "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னீர்களோ, முடிந்தது கதை.

ஸ்டேஷனில் மறுபடியும் அலைக்கழித்தால்?  எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் எல்லை பார்க்காமல் வாங்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவு. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். நேரில் கொடுத்தால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்துக்கு டி.எஸ்.பி. நிலை அதிகாரி அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். அதற்கு மேல் இழுக்கச் சட்டத்தில் இடமில்லை. 14 நாள் தாண்டினால், மனு நகலையும் ரசீதையும் வைத்து கமிஷனருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதுவும் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட். 74ஆம் பிரிவுக் குற்றத்தைச் சொல்லியும் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கே பி.என்.எஸ். 199இல் தண்டனை உண்டு, ஆறு மாதத்துக்குக் குறையாது. இதை மனுவில் எழுதி மிரட்ட வேண்டாம், வக்கீல் வாயால் ஒருமுறை சொன்னால் போதும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போனில் 15100.

ரோந்து போலீஸ்காரர் விஷயம். பஸ் ஸ்டாப்பில் நிற்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் இல்லை. விபசாரத் தடைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுக்கு விபசார நோக்கத்தைக் காட்டும் சொல்லோ செயலோ வேண்டும், வெறுமனே நிற்பதும் உடுத்துவதும் போதாது. கடை திறப்புக்குக் கூப்பிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொள்கிற ஊர், பத்து மணிக்கு மேல் அதே ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவது எனக்கு இன்னும் புரிவதில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவுகளைத் தொடர்ந்து, 2022இல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. உங்களைப் போன்றவர்களைத் துன்புறுத்துவது அந்த விதிப்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. முறையாக விசாரிக்க மட்டும் அவருக்கு உரிமை உண்டு. அதனால் வாக்குவாதம் வேண்டாம். "கம்பெனியில இருந்து வர்றேங்க சார், ஆட்டோவுக்கு நிக்கறேன்" என்று சொல்லி கம்பெனி அடையாள அட்டையைக் காட்டுங்கள். மார்பில் உள்ள பெயர்ப்பட்டையையும் நேரத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பெட்டி கேஸ்தான், அபராதம் கட்டிட்டுப் போ" என்றால் சரி என்று தலையாட்டாதீர்கள், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும், அடுத்த தடவை அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், காரணம் கேட்கவும், ஒருவருக்குத் தகவல் சொல்லவும், வக்கீலைப் பார்க்கவும் உரிமை உண்டு. பெண்ணை இரவில் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாதபோது மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் கைது செய்யவேண்டும் என்ற பி.என்.எஸ்.எஸ். 43ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். எல்லா ஸ்டேஷனும் அப்படி எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

பைக் மறுபடி வந்தால் ஓடுவதற்கு முன்பே 112ஐ அழுத்துங்கள். வண்டி வந்து சேர நேரமானாலும், நீங்கள் எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்பது பதிவாகிவிடும். 'காவல் உதவி' செயலியும் போனில் இருக்கட்டும்.

கத்தி வேண்டவே வேண்டாம். தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் தப்பிப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தினால் அந்த உரிமை போய்விடும். இருட்டில், பயத்தில், கையில் கத்தியோடு அந்த அளவை யாரால் பார்க்க முடியும்? அவன் கையைக் கீறினாலும் முதல் எஃப்.ஐ.ஆர். உங்கள் மேல்தான் விழும். விசிலும் பெப்பர் ஸ்ப்ரேயும் போதும்.

கடைசியாக வேன். பெண் தொழிலாளர்களுக்குத் தருகிற வசதியைத் திருநங்கை என்பதற்காக உங்களுக்கு மறுப்பது 2019 சட்டத்தின் 9ஆம் பிரிவுக்கு எதிரானது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென்று ஒரு புகார் அதிகாரியை வைத்திருக்கவேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. உங்கள் கம்பெனியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றே பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எழுதிக் கேளுங்கள், நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், கார்டு தாமதமாவதையும் அதே மனுவில் சேர்த்துவிடலாம். இதைப் பொறுமையாகச் செய்யலாம். பேக்கரிக்கு மட்டும் இன்றைக்கே போய்விட்டு வாருங்கள்.