கணினி கேள்வி பதில்: ஒரே டிஸ்க், மூன்று கணினிகள்

கேள்வி: வீட்டில் விண்டோஸ் கணினி, அலுவலகத்தில் மேக். இரண்டுக்கும் பொதுவாக 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வைத்திருக்கிறேன். மேக்கில் செருகினால் கோப்புகள் எல்லாம் திறக்கின்றன. ஆனால் புதிதாக ஒன்றைக்கூட அதில் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது இல்லை, நிம்மதியாக இருங்கள். உங்கள் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்க அந்த முறைப்படி தயார் செய்யப்பட்டிருக்கிறது. 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த முறை அது. மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. எழுதவைப்பதற்கென்றே மென்பொருள்கள் விற்கிறார்கள். ஆனால் டிஸ்க்கைக் கொண்டுபோகும் ஒவ்வொரு மேக்கிலும் அதை நிறுவ வேண்டும். அலுவலகக் கணினியில் அதற்கு அனுமதி கிடைப்பது எளிதல்ல. ஆகவே அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

உங்களுக்கு ஏற்றது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த இந்த முறையில் மேக் 2010 முதல் படிக்கிறது, எழுதுகிறது. விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸிலும், 2019-இல் வெளியான 5.4 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் இதற்கான ஆதரவு உள்ளேயே வந்துவிட்டது.

மாற்றுவதற்கு ஃபார்மட் செய்தாக வேண்டும். செய்தால் உள்ளிருப்பதெல்லாம் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். நகலெடுத்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். பெரிய வீடியோக்களில் நாலைந்தைத் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். இந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிறகு மேக்கின் டிஸ்க் யுடிலிட்டியில், எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மெனுவில் தேர்ந்தெடுத்து, பட்டியலில் மேலே இருக்கும் டிஸ்க்கையே தேர்வு செய்யுங்கள். அதன் கீழே சற்று உள்தள்ளித் தெரியும் பெயரை அல்ல. ஃபார்மட் செய்யும்போது முறை எக்ஸ்ஃபேட் என்றும், ஸ்கீம் (டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் விதம்) ஜி.யு.ஐ.டி. பார்ட்டிஷன் மேப் என்றும் கொடுங்கள்.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைத்துக்கொள்ளும். பாதியில் கேபிள் கழன்றாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து நிலைமையைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டிடம் அந்தக் குறிப்பேடு இல்லை. அடுத்த முறை நகலெடுக்கும்போது டிஸ்க்கின் சிறு விளக்கைக் கவனித்துப் பாருங்கள். திரையில் வேலை முடிந்துவிட்டதாகக் காட்டிய பிறகும் அது சிமிட்டிக்கொண்டிருக்கும். நினைவகத்தில் தேங்கிய கடைசிப் பகுதி அப்போதுதான் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பிடுங்கினால் ஒரு கோப்பு மட்டுமல்ல, ஃபோல்டரே காணாமல் போகலாம். 'எஜெக்ட்' கொடுத்து, அனுமதி வந்த பிறகே கழற்றுங்கள்.

கேள்வி: அதே எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் மேக்கின் டைம் மெஷின் பேக்கப்பையும் வைக்கலாமா?

பதில்: முடியாது. டைம் மெஷினுக்கு மேக்கின் சொந்த முறைகளில் ஒன்று வேண்டும். டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்து ஒன்றை அதற்கு ஒதுக்கலாம். ஆனால் தினமும் பையில் போய்வரும் டிஸ்க்கில் பேக்கப்பை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பேக்கப்புக்கு வேறொரு டிஸ்க் வாங்கி, அதை வீட்டிலேயே வையுங்கள்.

கேள்வி: எல்லாக் கணினிகளிலும் ஃபேட்32 முறையிலுள்ள டிஸ்க் திறக்கிறதே, அது போதாதா?

பதில்: கடிதங்களும் புகைப்படங்களும் மட்டும் என்றால் போதும். தனிக் கோப்பு 4 ஜி.பி.யை எட்டினால் ஃபேட்32 ஏற்றுக்கொள்ளாது. டிஸ்க்கில் 700 ஜி.பி. காலியாக இருந்தாலும் உங்கள் நீளமான வீடியோவை வாங்க மறுத்துவிடும்.

கேள்வி: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கில் லினக்ஸ் சில நாள் எழுதுகிறது, சில நாள் எழுத மறுக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் காரணம் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதிதான். அது இயக்கத்தில் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கிறது. டிஸ்க்கின் கணக்கு முடிக்கப்படாமல் இருப்பதைக் கண்டு லினக்ஸ் கைவைக்க மறுக்கிறது. மறுப்பது உங்கள் நன்மைக்கே, வற்புறுத்தி எழுதவைக்காதீர்கள். விண்டோஸை அணைக்கும் முன் டிஸ்க்கை எஜெக்ட் செய்யுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுதாக அணையும்.

கேள்வி: தம்பியின் லினக்ஸ் கணினியில் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்கை என் விண்டோஸ் கணினியில் செருகினேன். 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்கிறது. சரி என்று கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த முறை வந்த கேள்விகளில் இதைப் படித்ததும்தான் மனம் பதறியது. 'கேன்சல்' கொடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். டிஸ்க் காலி என்றோ கெட்டுவிட்டது என்றோ அந்தச் செய்திக்குப் பொருள் இல்லை. அதிலுள்ள எக்ஸ்ட்4 முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். மேக்கில் செருகினாலும் இதே போன்ற செய்தி வரும். அங்கே 'இனிஷியலைஸ்' பொத்தானைத் தொடாதீர்கள்.

நான் ஒருமுறை அழுத்திவிட்டேன். என் பாட்டி சொன்ன கதைகளை மூன்று ஆண்டுகளாகப் பதிவு செய்து, லினக்ஸ் கணினியிலிருந்து ஒரு டிஸ்க்கில் சேர்த்துவைத்திருந்தேன். வேறு யாருடைய வேலையையோ முடித்துக்கொடுக்கும் அவசரம். விண்டோஸ் கேட்டது, சரி என்றேன். சில நொடிகளில் முடிந்துவிட்டது. திறந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை. பாட்டி அப்போது உயிரோடு இல்லை.

விரைவு ஃபார்மட் என்பதால் கோப்புகள் முழுதாக அழியவில்லை, அவை எங்கே இருக்கின்றன என்ற அட்டவணைதான் போயிற்று. அதன்மேல் எதையும் எழுதாமல் உடனே கழற்றிவைத்தது காப்பாற்றியது. மீட்பு மென்பொருள் இரவு முழுவதும் டிஸ்க்கைத் துழாவி ஒலிக்கோப்புகளை எடுத்துக்கொடுத்தது. ஆனால் பெயர் இல்லை, தேதி இல்லை, ஃபோல்டர் இல்லை. 'கிணற்றுக் கதை', 'மழைக்குப் பயந்த யானை' என்று நான் வைத்திருந்த பெயர்களின் இடத்தில் வெறும் எண்கள். இரண்டு மாதம் இரவுகளில் ஒவ்வொன்றாகக் கேட்டு மறுபடியும் பெயர் எழுதினேன். துண்டு துண்டாகச் சிதறியிருந்த சில கோப்புகள் முழுதாகச் சேரவில்லை. ஒரு கதை, "அப்புறம் அந்தப் பெண்ணு…" என்ற இடத்தோடு நின்றுவிடுகிறது.

டிஸ்க்கைத் தம்பியிடமே கொண்டுபோங்கள். அவருடைய கணினியில் செருகி, உங்களுக்கு வேண்டியதை எக்ஸ்ஃபேட் முறையிலுள்ள வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து வாருங்கள். இதை நீங்கள் படிப்பதற்குள் 'சரி' கொடுத்துவிட்டிருந்தால், அந்த டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூடப் புதிதாகப் போடாமல் கழற்றிவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.